வெள்ளிவரை நீண்ட செவ்வாய்க்கிழமை

ஆர்டிஸ் ப்ரெக்கே முப்பத்தொரு வருடம் பழுப்பு நிற ஸ்வெட்டரில்தான் வேலைக்குப் போனாள். மொத்தம் மூன்று ஸ்வெட்டர்கள், மூன்றும் பழுப்பு. சிவப்பு போட்டால் ஒரு கட்சி, நீலம் போட்டால் இன்னொரு கட்சி. பச்சை போடலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"பச்சை டிராக்டர்காரங்க பக்கம்னு சொல்லுவாங்க, வேர்னா. அப்புறம் சிவப்பு டிராக்டர் வச்சிருக்கிறவன் எவனும் என்கிட்ட பேச மாட்டான்" என்றாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. எங்கள் மாநிலத்தில் பச்சைக் கம்பெனி டிராக்டரா, சிவப்புக் கம்பெனி டிராக்டரா என்பது கட்சியைவிடப் பெரிய விஷயம்.

கனடா எல்லையை ஒட்டி, கோதுமையும் காற்றுமாக இருக்கும் மாநிலம் எங்களுடையது. சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். அதுவும் எண்பது நாளுக்கு மேல் கூடாது என்று எங்கள் அரசியல் சாசனம் சொல்கிறது. அதற்கு மேல் கூடினால் இவர்கள் வாயை மூடமாட்டார்கள் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆர்டிஸ் அந்தச் சட்டமன்றத்தின் கீழ்சபையில் நிதிக் குழுவின் எழுத்தர். நான் அவள் கணவர் லோவலைக் குளிப்பாட்டுகிறவள். பார்க்கின்சன் நோய் வந்து அவருக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நான் நாற்பது வருடமாக மனிதர்களைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை செய்கிறேன். அதற்கான படிப்பும் சான்றிதழும் உண்டு.

ஆர்டிஸின் வேலை என்ன என்பது எனக்கே புரிய நாளாயிற்று. ஜனவரியில் கூடியதும் சபை ஒரு தீர்மானம் போடும். சாலைக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, முதியோர் கவனிப்புக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒரு டாலர் கூடாது. எல்லோரும் கை தட்டுவார்கள். சொந்த ஊருக்குப் போய்ச் செலவை அடக்கிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வார்கள். மார்ச்சில் பனி உருகி எங்கேயாவது பாலம் போகும். வரம்பை மீறுவது தவறு. அதனால் வரம்பை நகர்த்துவார்கள். நகர்த்துவதற்கு நிதிக் குழுத் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் போதும். உறுப்பினர்கள் எல்லோரும் படித்துப் பார்ப்பதற்காக அந்தக் கடிதம் சபை மேசைமேல் முழுசாக ஒரு நாள் கிடக்கவேண்டும் என்பது விதி. அப்படிக் கிடக்காவிட்டால், ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து ஆட்சேபித்தாலும் அந்த மசோதா விழுந்துவிடும்.

அந்தக் கடிதங்களை எழுதியவள் ஆர்டிஸ். நானூறு இருக்கும் என்றாள். அவளுக்குத் தெரிந்து ஒரே ஓர் உறுப்பினர்தான் கடிதத்தை மேசையிலிருந்து எடுத்திருக்கிறார். காபிக் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்குக் கருத்து என்று எதுவும் கிடையாது. யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று லோவலுக்கே தெரியாது. "நாப்பத்தாறு வருஷம் ஒரே படுக்கை" என்பார் லோவல். "இவ எந்தக் கட்சின்னு கேட்டா, தூங்குற மாதிரி நடிப்பா." ஒரு கல்யாண விருந்தில் யாரோ சொத்து வரியைப் பற்றி அவளிடம் கேட்டதற்கு, பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடத் தெரியாது எனக்கு. ஆனால் பாத்திரங்கள் சுத்தமாக இருந்தன என்று இன்றும் பேசுகிறார்கள்.

நான் சொல்ல வந்த வருடம், வரம்பு அவள் வீட்டுக்குள் வந்தது.

வீட்டுக்கு வந்து கவனித்துக்கொள்ளும் அரசுத் திட்டத்தில் லோவலுக்கு வாரம் இருபது மணி நேரம் கிடைத்துக்கொண்டிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் நான்கு மணி நேரம் நான். அந்த ஜனவரித் தீர்மானத்தில் போட்ட வரம்பு குறைவு. அதை நகர்த்தாவிட்டால் எல்லோருக்கும் வாரம் எட்டு மணி நேரம்தான். எட்டு மணி நேரத்தில் லோவல் மாதிரி ஒருவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அறுபது மைல் தள்ளி இருக்கும் முதியோர் காப்பகத்துக்குத்தான் அனுப்பவேண்டும். காப்பகத்தில் வைத்தால் அரசுக்கு மூன்று மடங்கு செலவு. ஆனால் அது வேறு வரம்பு. அதில் நிறைய இடம் இருந்தது.

இதையெல்லாம் ஆர்டிஸ் எனக்கு விளக்கினாளே ஒழிய, நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. லோவலின் தாடியில் ஒட்டியிருந்த ஓட்ஸ் கஞ்சியைத் துடைத்தபடி, வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

ஏப்ரல் மாதம். எண்பது நாளில் எழுபத்தேழு தீர்ந்துவிட்டது, வேலை பாதிகூட முடியவில்லை. இப்படி ஆகும்போது எங்கள் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் கூட்டத்தை முடிக்கமாட்டார்கள். இடைவேளை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் வந்து, இடைவேளை முடிந்தது என்பார்கள். சபை முடியாதவரைக்கும் நாளும் முடியாது. அன்று செவ்வாய்க்கிழமை எழுபத்தெட்டாம் நாள். புதன் வந்தது, வியாழன் வந்தது, சபைக்குள் மட்டும் இன்னும் எழுபத்தெட்டாம் நாள்தான். பெரிய மனிதர்கள் தொண்ணூற்று நாலு பேர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து அதே செவ்வாய்க்கிழமையில் உட்கார்ந்தார்கள்.

புதன்கிழமை காலையில் லோவல் குளியலறையில் விழுந்தார். நான் எட்டு மணிக்குப் போனபோது ஆர்டிஸ் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எலும்பு முறியவில்லை. புருவத்துக்கு மேல் வெட்டு, நாலு தையல். அவளை வேலைக்குப் போகச் சொன்னேன். பத்தரை மணிக்குப் போனாள். போனதும் நிதிக் குழுத் தலைவர் வெண்டல் ஷாஃப், வீட்டுக் கவனிப்பு வரம்பை உயர்த்தும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதில் "எழுபத்தொன்பதாம் நாள்" என்று முத்திரை குத்தி மேசைமேல் வைத்தாள்.

முப்பத்தொரு வருடத்தில் அவள் செய்த முதல் தப்பு அது. வேறு எந்த அலுவலகத்திலும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள். செவ்வாய்க்கு அடுத்த நாள் புதன் என்று நினைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத்தான் கண்டுபிடித்தாள். அன்றுதான் மசோதா ஓட்டுக்கு வருகிற நாள். சபைக் கணக்கில் கடிதம் வைத்த நாளும் செவ்வாய், ஓட்டுப் போடும் நாளும் செவ்வாய். மேசைமேல் ஒரு நாள் கிடக்கவேண்டிய கடிதம் ஒரு நிமிடம்கூடக் கிடக்கவில்லை. நேரே தலைவரிடம் போனாள். அங்கே நடந்ததை அப்புறம் எனக்கு அவளே சொன்னாள்.

வெண்டல் ஷாஃப் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாராம். "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும், தலைவரே."

"அப்ப யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுங்க."

"முத்திரை தப்பா இருக்கு. குத்தினது நான்."

"ஆர்டிஸ், உங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் இந்த மசோதா. தெரியுமில்ல?"

"அதனாலதான் வந்து சொல்றேன்."

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா. இத்தனை வருஷத்துல யாராவது கேட்டிருக்காங்களா?"

"கேக்கலைன்னா நானா எழுந்து சொல்ல மாட்டேன், எழுத்தருக்கு அந்த உரிமை இல்ல" என்றாள் ஆர்டிஸ். "கேட்டா சொல்லிருவேன்."

வெண்டல் விதைத் தோலைத் துப்பிவிட்டு, "யாரும் கேக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிறேன்" என்றார்.

இதெல்லாம் தெரியாமல், எட்டு மணிக்குப் போனதிலிருந்து நான் லோவலுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சபைக்குப் போகவேண்டும் என்றார். வரக் கூடாது என்று ஆர்டிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எழுத்தரின் கணவர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தால் ஆதரவு கேட்பது மாதிரி ஆகும் என்று.

"நான் ஆதரவு கேக்க வரல. என்னை எங்க அனுப்பப் போறாங்கன்னு பாக்க வர்றேன்" என்றார் லோவல்.

"நெத்தியில தையலோட, விதைக் கம்பெனித் தொப்பியோடவா?"

"தொப்பி தையலை மறைக்கத்தான். வண்டியை எடு, வேர்னா."

என் நாலு மணி நேரத்தில் அவரை வெளியே கூட்டிப்போக அனுமதி உண்டு. கூட்டிப்போனேன். சக்கர நாற்காலி போக மாடத்தில் ஒரே ஓர் இடம்தான், தூணுக்குப் பின்னால். லோவல் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார். கீழே சபாநாயகருக்கு வலப்புறம் பழுப்பு ஸ்வெட்டர். அவள் நிமிரவே இல்லை. ஆனால் எங்களைப் பார்த்துவிட்டாள் என்று கழுத்தைப் பார்த்தே தெரிந்தது.

மசோதா வந்தது. கடிதத்தை வாசித்தார்கள், யாரும் காது கொடுக்கவில்லை. இரண்டு பேர் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது ராய்ஸ் கெல்லர் எழுந்தார். மேற்கு மாவட்டத்துக்காரர், செலவு என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்துவிடுவார். சபை விதிகளை எப்படிப் படிக்கவேண்டும் என்று புதிதாக வந்தபோது அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஆர்டிஸ்தான்.

"சபாநாயகர் அவர்களே, சும்மா ஒரு சந்தேகம். இந்தக் கடிதம் விதிப்படி ஒரு நாள் மேசைமேல் இருந்ததா?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. நேரத்தை இழுக்கக் கேட்டது அது. சபாநாயகர் அம்மாள் வழக்கம்போல எழுத்தர் பக்கம் திரும்பித் தலையசைத்தார், ஆமாம் என்று பதில் வரும் என்ற நம்பிக்கையில்.

"இல்லை" என்றாள் ஆர்டிஸ்.

மீன் பேச்சு நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"இருக்கல, மேடம். இன்னும் எழுபத்தெட்டாம் நாள்தான் நடக்குது. முத்திரை தப்பு. என் தப்பு."

என் பக்கத்தில் லோவல், "அடிப்பாவி" என்றார். அந்த நோய் வந்தபிறகு அவர் குரல் எழும்புவதில்லை. அன்றைக்கு எழும்பியது. மாடத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

ராய்ஸ் கெல்லர், சும்மா எறிந்த தூண்டிலில் நாலு அடி மீன் மாட்டியவர் மாதிரி நின்றார். ஆட்சேபம் எழுப்பினார். விதி அவர் பக்கம். லோவலின் கை நாற்காலிப் பிடியில் தடதடவென்று அடித்தது. நான் அதன்மேல் என் கையை வைத்து அழுத்தினேன். அவர் மருந்து நேரம் பதினொன்று. மணி பத்து ஐம்பது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். மசோதா விழுந்தாலும் மாத்திரை மாத்திரைதான்.

அப்போது வெண்டல் ஷாஃப் எழுந்து, எனக்கு இன்றுவரை நம்பமுடியாத ஒரு யோசனையைச் சொன்னார். "சபையை ஒரு நிமிஷம் முடிச்சிடுவோம். முடிச்சா இந்த நாள் முடிஞ்சிடும். மறுபடி கூடினா எழுபத்தொன்பதாம் நாள். கடிதம் ஒரு நாள் கிடந்ததா ஆயிடும்."

"ஒரு நிமிஷத்துல ஒரு நாளா?" என்று கேட்டார் ராய்ஸ்.

"மூணு நாளா ஒரே நாள்ல உட்கார்ந்திருக்கோமே, ராய்ஸ், அப்ப கேக்கலையே நீங்க?"

ஓட்டெடுத்தார்கள். ஐம்பத்திரண்டு பேர் நாளை முடிக்கலாம் என்றார்கள். சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். செவ்வாய்க்கிழமை முடிந்தது. எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆர்டிஸ் அந்த ஒரு நிமிடத்தில் முத்திரையை எழுபத்தெட்டு என்று திருத்தி, ஓரத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டாள். மறுபடி சுத்தியல். எழுபத்தொன்பதாம் நாள் பிறந்தது.

சபையில் எந்த நாளும் பிரார்த்தனையோடுதான் தொடங்கவேண்டும். அதுவும் விதி. அந்த வாரத்துக்கு வந்த பாதிரியார் செவ்வாய்க்கிழமையே பிரார்த்தனையை முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் என்று ஒன்று வரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. சபாநாயகர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்ணூற்று நாலு பேரில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவதாகத் தேர்தலில் சொல்லாதவர் யாருமில்லை. ஒருவரும் எழவில்லை. கடைசியில் பன்றிப் பண்ணை வைத்திருக்கும் ஹார்லன் வோக்ட் எழுந்தார்.

"எனக்கு ஒண்ணுதான் மனப்பாடம்" என்றார்.

"அதையே சொல்லுங்க, ஹார்லன்."

எல்லோரும் தலைகுனிந்தார்கள். ஹார்லன், சாப்பாட்டு மேசையில் குழந்தைகள் சொல்லும் பிரார்த்தனையைச் சொன்னார். இறைவா, விருந்தாளியாக வாரும், எங்கள் முன்னே இருக்கும் இந்த உணவை ஆசீர்வதியும் என்பதாக நாலு வரி. சபை ஆமென் சொன்னது.

"சாப்பாடு எங்க?" என்றார் ராய்ஸ் கெல்லர்.

"நீங்க உட்கார்ந்தா சீக்கிரம் போயிரலாம்" என்றார் சபாநாயகர்.

ஐம்பதுக்கு நாற்பத்து நாலு. வரம்பு உயர்ந்தது, மசோதா நிறைவேறியது, லோவல் தூங்கிவிட்டிருந்தார். மாத்திரை வேலை செய்தது.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் பேசிக்கொண்டதை நான் பாத்திரம் ஒதுக்கும்போது கேட்டேன்.

"ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆர்டி."

"கேட்டாங்க. சொன்னேன்."

"நான் காப்பகத்துக்குப் போயிருப்பேன்."

"தெரியும்" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வந்து பாத்திருப்பேன்" என்றாள்.

லோவல் வெகுநேரம் சிரித்தார். அவர் முகம் சிரிப்பைக் காட்டாது. தோளைப் பார்த்தால்தான் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பட்ஜெட் மசோதா என்பது ஒரே விஷயத்தைப் பற்றியது அல்ல. அதே மசோதாவின் எண்பத்தோராம் பக்கத்தில் அரசு ஊழியர்களுக்கு மூன்று சதவீதச் சம்பள உயர்வு இருந்தது. ஜூலையில் ஆர்டிஸுக்கும் அது வந்தது. ஆகஸ்டில், திட்டத்தை எங்கள் வட்டாரத்தில் நடத்தும் கவுன்டி அலுவலகத்திலிருந்து கடிதம். வீட்டுக் கவனிப்புத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ஒன்று உண்டு. ப்ரெக்கே குடும்பம் அதை மாதம் பத்தொன்பது டாலரால் தாண்டிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து லோவலுக்கு இருபது மணி நேரமும் இல்லை, எட்டு மணி நேரமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

நானும் அவளோடு கவுன்டி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல பெண். கழுத்தில் வலி இருக்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள். நாற்காலி உயரம் சரியில்லை.

"பத்தொன்பது டாலர்தாம்மா" என்றாள் ஆர்டிஸ்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, மேடம். ஆனா இது வரம்பு. இதை நகர்த்த முடியாது."

ஆர்டிஸ் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "யாரு நகர்த்தலாம்?" என்று கேட்டாள்.

"சட்டமன்றம்தான்."

"அது அடுத்து எப்போ கூடும்?" என்று நான் கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ஆர்டிஸுக்குத் தெரியும். பதினாறு மாதம் கழித்து.

சம்பள உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் பார்த்தாள். வேண்டும் என்று கேட்கப் படிவம் இருந்தது. வேண்டாம் என்று சொல்லப் படிவம் இல்லை. வெண்டல் ஷாஃபிடம் போனாள். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் விதையைக் கீழே வைத்துவிட்டார். "நான் ஒரு கடிதம் எழுதட்டுமா?" என்று கேட்டார். யாருக்கு எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஆர்டிஸ் தன் வேலையில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை விடுப்பு, சம்பளம் இல்லை. வருமானம் கீழே இறங்கியது, லோவல் மறுபடி திட்டத்துக்குள் வந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டில் உடம்பு நன்றாக இருக்கும் ஒருவர் இருப்பதால், அன்றைக்கு ஆள் தேவையில்லை என்று கவுன்டி நாலு மணி நேரத்தை வெட்டியது. அந்த நாலு மணி நேரம் என்னுடையது. சம்பளம் இல்லாமல் நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை போனால் அது திட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிடும். அதை அவளும் ஒப்புக்கொண்டாள்.

அதனால் ஒரு வியாழக்கிழமை அவளுக்குத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தேன். பிடித்துத் தூக்க அவர் இடுப்பில் பெல்ட் கட்டவேண்டும், நம் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கவேண்டும், அவர் கையை இழுக்கக் கூடாது. நான் சொன்னதை எல்லாம் எண் போட்டு எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். இருபத்திரண்டு எண்கள். லோவல் குளியல் நாற்காலியில் துண்டோடு உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"குளிப்பாட்டப் போறியா, ஓட்டெடுக்கப் போறியா?"

"வாயை மூடு, லோவல். ஆறாம் நம்பர். காலைத் தூக்கு."

முதல் வெள்ளிக்கிழமை ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்றாம். எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகும். திங்கட்கிழமை போய் அவரைச் சோதித்தேன். விழவில்லை, காயமில்லை, நகம்கூட வெட்டியிருந்தாள். வலது முழங்காலுக்குப் பின்னால் சரியாகத் துடைக்காமல் தோல் சிவந்திருந்தது. அவளிடம் சொன்னேன். பேனாவை எடுத்துக்கொண்டு போய் இருபத்துமூன்றாம் எண்ணை எழுதினாள். அடுத்த திங்கட்கிழமை சிவப்பு இல்லை.